சைரன் வியாகுலம் ஒளித்துவைத்த ஊர்

வியாகுலம்மாள் வீடு எது என்று கேட்டால் சூளைக்கரையில் கொஞ்சம் யோசிப்பார்கள். சைரன் வீடு எது என்று கேட்டால் இடுப்பில் இருக்கிற குழந்தைகூடக் கையை நீட்டிவிடும். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயரைத் தூக்கிக் கடாசிவிட்டு ஊர் இந்தப் பெயரை ஒட்டியதற்கு அவளும் ஒரு காரணம்தான். ஆனால் அவள் எதற்காக அந்தத் தொண்டையைத் திறந்தாள் என்று தெரிந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்கள்.

எண்ணூருக்குப் பக்கத்தில், கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் நெருக்கிப் பிடித்த ஒரு மணல்திட்டு சூளைக்கரை. முப்பத்தாறு வீடு. மண் சுவர், ஓலைக் கூரை. நடுவில் மாதாவுக்கு ஒரு குருசடி, அதுவும் ஓலைதான். பாதி ஆண்கள் கட்டுமரம் ஏறினார்கள். மீதிப் பேர் உப்பங்கழியில் இறங்கிக் கிளிஞ்சல் வாரி, சூளையில் போட்டுச் சுட்டு, சுண்ணாம்பாக்கிப் படகில் ராயபுரத்துக்கு அனுப்பினார்கள். பட்டணத்தில் எத்தனையோ மாடிவீடுகள் இவர்கள் சுட்ட சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றன. இவர்கள் வீடு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாசத் திருவிழாவுக்குத்தான் வெள்ளையைப் பார்க்கும். அதிலும் ஒரு வரிசை உண்டு. புதுச் சுண்ணாம்பின் முதல் சட்டி கல்லறைகளுக்கு. செத்தவர்களுக்கு அடித்து முடித்த பிறகுதான் மாதாவுக்கு. வீடுகளுக்குக் கடைசியில். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதும் இல்லை.

வியாகுலத்தின் புருஷன் பாஸ்கல் சூளைக்காரன். சுண்ணாம்புப் புகை பட்டுப் பட்டுப் புருவம் எப்போதும் பாதி நரைத்ததுபோல் இருக்கும். வாயைத் திறந்தால் கிண்டல். அந்த வாய் அடங்கிப்போன நாட்கள் அவன் வாழ்க்கையில் அதிகம் இல்லை. அதில் ஒன்று நாற்பத்திரண்டாம் வருஷத்தில் வந்தது.

அந்த வருஷம் சித்திரை வாக்கில் பட்டணமே காலியானது. ஜப்பான்காரன் கப்பல் பக்கத்தில் வந்துவிட்டது, நாளைக்கே ராயபுரத்தில் இறங்கப் போகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பி, அது கால் முளைத்து ஓடியது. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில் போனார்கள், வண்டி கிடைத்தவர்கள் வண்டியில் போனார்கள். சூளைக்கரைக்காரர்களுக்குக் காலைத் தவிர வேறு வாகனம் ஏது? பாஸ்கலும் வியாகுலமும் மூன்று வயதுப் பெண் டோரதியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு புழல் ஏரிப் பக்கம் நடந்தார்கள். ஏரிக்கரையில் ஆயிரம் குடும்பம். குடிக்கிற தண்ணீரிலேயே குளித்தார்கள், துவைத்தார்கள். இரண்டாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நாலாம் நாள் விடிகிறபோது வியாகுலத்தின் மடியில் அது குளிர்ந்து கிடந்தது. வேற்று ஊர் மண்ணில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பாஸ்கல் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தான். சூளைக்கரை இடுகாட்டில், பெரியவர்கள் வரிசையின் கடைசியில் குழி தோண்டினான். அதற்கப்புறம் செத்தவர்களுக்கு ஊர் வரிசையின் மறுமுனையில்தான் குழி தோண்டியது. 

திரும்பி வந்தால் ஊர் வைத்தது வைத்தபடி இருந்தது. குண்டு ஒன்றும் விழவில்லை. குழந்தைதான் போனது.

“இனிமே எவன் வந்தாலும் நான் ஓட மாட்டேன்” என்றாள் வியாகுலம். அன்றைக்கு அவளுக்கு இருபத்திரண்டு வயது.

ஓடக் கூடாது என்றால் வேறு என்ன செய்வது? அதற்கு வழி ஒரு மாசம் கழித்துத் திருவொற்றியூர்த் தெருவில் கிடைத்தது. கருவாடு விற்கப் போன இடத்தில், தலையில் இரும்புத் தொப்பி வைத்த ஒரு காக்கி உடுப்புக்காரர் மேசைமேல் ஏறி நின்று, விமானம் வந்தால் ஜனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மேலே இருந்து பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது வெள்ளை என்றார். அப்புறம் புகை, அப்புறம் ஆள் நடமாட்டம். பெரிய பெரிய தொழிற்சாலைகளையே மேலே வலை விரித்து, இலைதழை செருகி மறைத்துவிடுகிறார்களாம். கூட்டம் பாதியில் கலைந்தது. வியாகுலம் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாள். வலையாமே வலை! சூளைக்கரையில் சோற்றுக்குப் பஞ்சம் வரலாம், வலைக்கு என்ன பஞ்சம்?

அன்று ஆரம்பித்தது. வானத்தில் சத்தம் கேட்டால் வியாகுலம் மணல்மேட்டில் ஏறி, துறைமுகத்துச் சைரன் சங்கு மாதிரியே ஏற்றி இறக்கி ஒரு கத்து கத்துவாள். உடனே கூரைகள்மேல் வலை ஏற வேண்டும், வலைமேல் பனையோலை ஏற வேண்டும், அடுப்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு தலை வெளியில் தெரியக் கூடாது.

“இன்னாமே, ஜப்பான்காரன் உன் மீன்கொயம்பு வாசன புடிச்சிகினு அங்கேர்ந்து வர்றானா?” என்று பாஸ்கல் கேட்டான். ஊர் சிரித்தது. ஆனால் அடுத்த வருஷம் புரட்டாசியில் நிஜமாகவே ஒரு விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள், வியாகுலத்தோடு தண்ணீர்க் குடத்துக்கும் சண்டை போடுகிறவள், அவளே முதல் ஆளாக வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உலக யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், வானத்தில் மீனம்பாக்கத்து விமானங்கள் தினம் பறக்க ஆரம்பித்தன. வியாகுலமும் புத்திசாலிதான். எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். “நேரா போறது போவட்டும். அதுக்கு வேற ஊர்ல வேல கீது. போன வயியே திரும்பி வருது பாரு, அதான் நம்மள பாக்குது.”

ஐம்பத்தாறாம் வருஷம் ஜனவரியில், திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அப்படி ஒன்று வந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். மேகமே இல்லாத வானம். கல்லறைகளுக்கு முந்தின நாள்தான் வெள்ளை அடித்து முடித்திருந்தார்கள். குருசடிக்கு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். தெற்கிலிருந்து விமானம் வந்தது, தலைக்கு மேலே வடக்கே போனது. வியாகுலம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீன் கழுவினாள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. இந்த முறை கால்வாய்ப் பக்கம் கொஞ்சம் தள்ளி. அவள் கை நின்றது. தெற்கே போய் மறுபடியும் திரும்பியதைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் தொண்டை மட்டும் ஓடியது.

பத்து வருஷத்துக்கு மேல் கேட்காத கத்து. ஆனால் கால்கள் மறக்கவில்லை. பெரியவர்கள் வலையை இழுத்தார்கள், சின்னவர்கள் விளையாட்டு என்று நினைத்துக் கூரை ஏறினார்கள். விமானம் மூன்றாம் முறை தலைக்கு மேல் வந்தபோது சூளைக்கரையில் ஒரு வீடு தெரியவில்லை, ஒரு புகை எழவில்லை, ஒரு நாய்கூட நடமாடவில்லை. குருசடிக்கு அடித்த அரைகுறை வெள்ளையை மறைக்க மாதாவுக்கே வலை போர்த்திவிட்டார்கள்.

அரை மணியில் விமானம் போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. அணைத்த அடுப்பில் பாதி வெந்து நின்ற சோற்றைக் காட்டிச் சிலுவையம்மாள் மூன்று நாள் திட்டினாள். திருவிழா வந்தது, எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அந்த விமானம் குண்டு போட வரவில்லை. அதன் வயிற்றில் ஒரு துளை இருந்தது, துளையில் ஒரு கேமரா இருந்தது. கரையோரம் முழுவதையும் படம் எடுத்துப் புதிதாக ஒரு நிலப்படம் போட வந்திருந்தது. முதல் இரண்டு சுற்று பாதை பார்த்துக்கொள்ள, படம் பிடித்தது மூன்றாம் சுற்றில்தான்.

பழைய படம் வியாகுலத்தின் மாமனார் காலத்தில் போட்டது. அப்போதெல்லாம் சங்கிலி பிடிக்கிறவர்களும் மூன்றுகால் பலகையைச் சுமக்கிறவர்களுமாகக் கும்பலாக வந்து, மணலில் அடி அடியாக அளந்து, இரண்டு பனிக்காலம் எண்ணூரில் முகாம் போட்டுக் கிடந்தார்களாம். அதில் சூளை மட்டும்தான் இருந்தது. ஊர் அதற்கப்புறம் முளைத்தது. கடலும் கழிமுகமும் தங்கள் இஷ்டத்துக்கு நகர்ந்துவிட்டன. புதுப்புது ஆலைகள் வரப் போகிற காலத்தில் பழைய படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சங்கிலிக்காரர்கள் இரண்டு வருஷம் செய்த வேலையை விமானம் ஒரு காலையில் செய்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான். சங்கிலி பிடிக்கிறவனுக்குத் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நிற்பான். விமானத்துக்குத் தாகமே இல்லை.

எடுத்த படங்களைப் பார்த்து வரைந்த பிறகு ஒரு ஆள் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும் என்பதுதான் முறை. அந்த வருஷ மழையில் கால்வாய்ப் பாலம் உடைந்தது. மணலைப் போய் என்ன சரிபார்ப்பது என்று வரைபட ஆபீஸில் அந்த ஒரு தாளை மட்டும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐம்பத்தேழு ஆவணியில் சூளைக்கரைப் பனைமரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் லியோனார்ட்தான் ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். காலியாகக் கிடக்கும் சர்க்கார் மணல், ஒரு கம்பெனிக்கு ஆலை கட்டக் கொடுக்கப்படுகிறது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளில் சொல்ல வேண்டும்.

“காலியா? அப்ப நம்ம யாரு, பிசாசா?” என்றான் பாஸ்கல்.

லியோனார்ட் மறுநாளே தாலுகா ஆபீஸுக்குப் போய், சாயங்காலம் தொங்கின முகத்தோடு திரும்பினார். குருசடி முன்னால் ஊரே கூடியது.

“புது மேப்பு காட்டினாங்க. நம்ம ஊரு இருக்கிற எடத்துல புதருன்னு போட்டிருக்கு. பக்கத்துல உப்புக் குவியல்னு போட்டிருக்கு. மேப்புல இல்லாத ஊருக்கு எப்படி மனு வாங்குறதுன்னு கேக்கிறாங்க. ஏரோப்ளேன்லேர்ந்து போட்டோ புடிச்சு வரைஞ்சதாம். போட்டோ பொய் சொல்லாதாம்.”

“எப்ப புடிச்சாங்களாம்?” என்று கேட்டாள் சிலுவையம்மாள்.

“போன வருஷம் ஜனவரி. திருவிழாவுக்கு மூணு நாள் முன்னாடி.”

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. வியாகுலம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

“கத்துனியே, கத்துனியே! ஊரயே இஸ்து மூடுனியே! இப்ப பாரு, மூடுனது மூடுனாப்லியே போச்சு!” சிலுவையம்மாள் கையை ஆட்டி ஆட்டிக் கூவினாள். “ஒளிச்சவ நீ. நீயே போய் காட்டிட்டு வா.”

முப்பத்தாறு குடும்பத்தையும் காப்பாற்றுகிறேன் என்று வியாகுலம்தான் போர்த்தினாள். அந்தப் போர்வையே இப்போது அவர்களை நெரித்தது. இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாஸ்கல் கஞ்சிச் சட்டியை முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“குடிமே. பட்டினி கெடந்தா மேப்புல வூடு மொளைக்குமா?”

“நான் போறேன்யா. எங்க வரைஞ்சாங்களோ அங்கியே போறேன்.”

“போய் இன்னா சொல்லுவ?”

“நெசத்த சொல்லுவேன்.”

“சிரிப்பாங்க.”

“நீ சிரிக்காததா?” என்றாள் அவள். பாஸ்கல் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

திருவொற்றியூர்வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, பாரிமுனைக்குப் பக்கத்தில் இருந்த வரைபட ஆபீஸை அவள் கண்டுபிடித்தபோது பகல் பன்னிரண்டு மணி. பியூன் உள்ளே விடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணிக்குக் கண்காணிப்பு அதிகாரி பரசுராமன் சாப்பிட்டுவிட்டு வந்தவர், லியோனார்ட் எழுதிக் கொடுத்த மனுவைப் படியில் நின்றபடியே படித்தார். கடுமையான ஆள் இல்லை. ஆனால் தாளில் இருப்பதைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது என்று முப்பது வருஷம் பழகியவர்.

“ஊரை ஒளிச்சு வச்சீங்களா? எதுக்கும்மா?”

“குண்டு போடுவான்னு சார்.”

“யார்?”

“அது தெரில சார். திரும்பித் திரும்பி வந்துச்சு. அதான்.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்தது. அவளை உள்ளே கூட்டிப்போய், அந்தத் தாளை வரைந்தவரைக் கூப்பிட்டார். சௌக்கத் அலி வந்தான். ராயபுரத்துக்காரன், முப்பது வயது, விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. அவன் மனுவைப் படித்தான், வியாகுலத்தைப் பார்த்தான், போய் அலமாரியிலிருந்து இரண்டு போட்டோக்களையும் நாலு கால் வைத்த ஒரு இரட்டைக் கண்ணாடியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

விமானம் ஒரே ஓட்டத்தில் ஒரே இடத்தை அடுத்தடுத்து இரண்டு முறை, ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளி எடுத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், இடது கண் ஒன்றையும் வலது கண் மற்றதையும் பார்த்து, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, தட்டையான படத்தில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். சௌக்கத் அலி குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவன் முகம் சுருங்கியிருந்தது.

“சார், இது என் தப்பு. மணலாச்சேன்னு இந்தத் தாளுக்கு நான் கண்ணாடி வைக்கவே இல்ல. வெறும் கண்ணால பாத்தே மை போட்டுட்டேன். புதர்னு போட்டேனே, அதுக்கெல்லாம் கூரை முகடு கீது சார்.”

பரசுராமன் குனிந்து பார்த்தார். அவரும் நிமிர நேரமானது.

“அம்மா, நீங்க வந்து பாருங்க” என்றார்.

வியாகுலம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதலில் இரண்டு சாம்பல் படம் தனித்தனியாகக் கிடந்தது. கண் வலித்தது.

“கண்ண தொறந்து வச்சிகினு சும்மா பாருக்கா. தேடாத. தானா வரும்” என்றான் சௌக்கத் அலி.

தானாகத்தான் வந்தது. ஒரு படம் இன்னொன்றின்மேல் வழுக்கிக்கொண்டு போய் ஒட்டியது. அடுத்த நொடி சூளை எழுந்து நின்றது. பனைமரங்கள் மூஞ்சியில் குத்துவதுபோல் மேலே வந்தன. அவள் பயந்துபோய்த் தலையை இழுத்துக்கொண்டு, மறுபடி குனிந்தாள். மணல்மேடு, அதற்குக் கீழே அவள் வீடு. வலை போர்த்தி, ஓலை செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிலுவையம்மாள் வீடு பக்கத்தில். பறவைக்கு எப்படித் தெரியுமோ அப்படி அவள் ஊர் அவளுக்குத் தெரிந்தது.

“ஐயோ மாதாவே, எம்மா நல்லா ஒளிச்சிகீறோம்!” என்றாள். பெருமையா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை.

பரசுராமன் நாற்காலியில் சாய்ந்தார். “இதுல ஒரு சிக்கல் இருக்கு. கூரை இருக்குன்னு நான் ஒத்துக்கிறேன். ஆனா மேல வலை கெடக்கு. மீன் சீசனுக்கு வந்து போறவங்க போட்ட கொட்டாய்னு கம்பெனிக்காரன் சொல்வான். கொட்டாய்க்கு ஊர்னு பேர் கிடையாது. நிரந்தரமா ஜனங்க இருந்ததுக்கு இந்தப் படத்துல என்ன இருக்கு? புகை உண்டா, ஆள் உண்டா?”

“நாந்தான் அணைக்கச் சொன்னேன் சார். நாந்தான் உள்ள போவச் சொன்னேன்.” எவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாள்! ஒரு நாயைக்கூட வெளியில் விடவில்லையே.

“சரி, இந்த உப்புக் குவியலாவது உங்களுதா?” என்று சௌக்கத் அலி கேட்டான். ஏதாவது கிடைக்காதா என்று தவித்தது அவன்தான். “இதோ, கடல் பக்கம் வெள்ளையா வரிசையா கீதே.”

“எங்க ஊர்ல ஏது பாய் உப்பு?”

குனிந்து அவன் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். சீரகம் சிதறியதுபோல் வெள்ளை வெள்ளையாக ஒரு வரிசை. ஊரில் மற்றதெல்லாம் சாம்பலும் கறுப்புமாகப் பதுங்கிக் கிடக்க, இது மட்டும் வானத்தைப் பார்த்துப் பளீரென்று கிடந்தது.

“இது உப்பு இல்ல சார். கல்லற.”

“என்னது?”

“எங்க இடுகாடு சார். திருவியாவுக்கு மொத சுண்ணாம்பு அவங்களுக்குத்தான் அடிப்போம். முந்தின நாள்தான் அடிச்சோம். உசுரோட கீறவங்கள எல்லாம் மூடிட்டேன் சார். செத்தவங்கள மூடணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

சௌக்கத் அலி அவளை நகரச் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியும் அளவுகோலும் எடுத்தான். உப்பைக் குவித்தால் உருண்டையாகத் தெரிய வேண்டும். இவை நீளமாக இருந்தன. எல்லாம் கிழக்கு மேற்காக, ஒரே இடைவெளியில், ஒரே அளவில் கிடந்தன. வாய்க்குள் எண்ணினான். பதினாறு வரைக்கும் சரியாக வந்தது.

“சார், கடேசில ஒண்ணு மட்டும் பாதிதான் கீது. ஏன்னு புரில.”

“அது எம் பொண்ணு சார்” என்றாள் வியாகுலம். “மூணு வயசு.”

சௌக்கத் அலி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டான். அவன் வீட்டிலும் அஜீசுன்னிசா என்று மூன்று வயதில் ஒன்று இருந்தது.

பரசுராமன் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எந்த வருஷம்மா?”

“நாப்பத்திரெண்டு.”

“பதினஞ்சு வருஷம்.” அவர் பேனாவைத் திறந்தார். “இடுகாடு இருக்கிற எடத்தைக் காலி எடம்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல. யாருக்கும் கிடையாது. சீசனுக்கு வர்றவன் பதினேழு கல்லறை கட்டி வருஷா வருஷம் வெள்ளை அடிக்க மாட்டான். சௌக்கத் அலி, நீரே நேர்ல போய்ப் பாரும். போன வருஷமே போயிருக்கணும். அது நம்ம தப்பு. தாலுகாவுக்கு இன்னிக்கே நான் எழுதறேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, ஊருக்குப் போகிறேன் என்றாள் வியாகுலம்.

அடுத்த வாரம் சௌக்கத் அலி போட்டோவை அட்டையில் ஒட்டிக்கொண்டு உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் படகு பிடித்து வந்து சேர்ந்தான். மணலில் நடந்து நடந்து நாக்கு வறண்டு, முதலில் தெரிந்த வாசலில் நின்று, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றான். அது சிலுவையம்மாள் வாசல். அவள் தண்ணீரையும் கொடுத்து, எங்கள் ஊரைப் புதர் என்று எழுதிய கண் இதுதானா என்று ஒரு பாட்டுத் திட்டும் கொடுத்தாள். அவன் இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு ஊரில் எல்லா அடுப்பும் எரிந்தது. ஈர மட்டையைப் போட்டுப் புகைய விட்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய், போட்டோவில் அந்த வீட்டின்மேல் மெல்லிய ஊசியால் ஒரு துளை போட்டு, பின்பக்கம் நம்பர் எழுதினான் சௌக்கத் அலி. குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எத்தனை வருஷம். பாஸ்கல் கூடவே நடந்தான்.

“இன்னா நைனா, குத்திக் குத்திச் சல்லடையாக்கிடுவ போலக் கீதே?”

“குத்துனாத்தான் மேப்புல ஏறும் மாமு.”

முப்பத்தாறு துளையும் குருசடிக்கு ஒன்றும் போட்ட பிறகு இடுகாட்டுக்கு வந்தார்கள். ஒன்றரை வருஷ மழையில் வெள்ளை மங்கியிருந்தது. நடுவில் வந்த திருவிழாவுக்கு அடித்ததும் பாதி உரிந்திருந்தது. வியாகுலம் கடைசியில் இருந்த சின்னக் கல்லறை மேல் ஒட்டியிருந்த மணலைக் கையால் தள்ளினாள்.

“பாய், இதுக்கெல்லாம் குத்த மாட்டியா?”

“ஒவ்வொண்ணுக்கும் எடம் இல்லக்கா. இடுகாடுன்னா மேப்புல ஒரே ஒரு சிலுவைதான் போடணும். மொத்தத்துக்கும் அதான்.”

“எங்க போடுவ?”

நடுவில் போடுவதுதான் வழக்கம். எட்டாவதோ ஒன்பதாவதோ. சௌக்கத் அலி வரிசையைப் பார்த்தான். மையேறிய விரலால் போட்டோவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெகு ஜாக்கிரதையாக, கடைசியில் இருந்த அரைச் சீரகத்தின்மேல் ஊசியை வைத்து அழுத்தினான். அப்புறம் அட்டையை அவள் கையில் கொடுத்தான்.

“வெளிச்சத்துல புடிச்சிப் பாருக்கா.”

வியாகுலம் அதை வானத்துக்கு நேராகத் தூக்கினாள். முப்பத்தெட்டுத் துளை வழியாகவும் வெயில் வந்தது. அவள் கடைசித் துளையை மட்டும் பார்த்தாள். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் எதுவும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று இருந்தவள், அட்டையை இன்னும் உயரத் தூக்கினாள்.

“தெரியுதா?” என்று கேட்டான் சௌக்கத் அலி.

“தெரியுது பாய்” என்றாள் அவள். “எம் பொண்ணு தெரியுது.”